கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலை உரிமையாளர்களுக்கும், ஏற்றுமதியைக் கவனிக்கும் மேலாளர்களுக்கும், மாவட்டத் தொழில் மையத்தின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். வணிக இணையதளங்களை வேறு நாட்டு வாசகருக்கு ஏற்றபடி மாற்றித் தருவது என் தொழில். மொழிபெயர்ப்பு அதில் ஒரு பங்குதான். எண், தேதி, அளவு, படிவம், பக்க அமைப்பு, தேடுபொறி என்று மீதியும் சேர்ந்தால்தான் அந்த வேலை முடியும். வீட்டுக்கு மாந்தோப்பும் உண்டு, பெரும்பாலும் பெங்களூரா ரகம். ஆகவே உங்கள் ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்பதும், சில நாள் காய் இறங்காமலே திரும்புவதும் நான் தள்ளி நின்று பார்க்கிற விஷயம் இல்லை.

2025 சீசனில் பெங்களூரா விலை விழுந்ததும் விவசாயிகள் போராட்டத்தில் இறங்கியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திர அரசு கிலோவுக்கு 4 ரூபாய் மானியம் கொடுத்துத் தாங்கிப் பிடித்தது. ஆலைகள் தரப்பில் அப்போது திரும்பத் திரும்பச் சொன்ன காரணம், முந்தைய ஆண்டுக் கூழே விற்காமல் கிடங்கில் கிடக்கிறது என்பது. அது உண்மைதான். விளைச்சல் ஒரே நேரத்தில் குவிந்தது, உலகச் சந்தை மந்தம் என்று வேறு காரணங்களும் உண்டு. இணையதளத்தை மொழிபெயர்த்தால் மாங்காய் விலை ஏறிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கூழ் விற்காமல் நிற்கிறது என்றால், வாங்கக்கூடியவர் நம்மைத் தேடி வரும் வழிகளில் எது அடைபட்டிருக்கிறது என்று பார்ப்பது நம் வேலை. அதில் ஒரு வழி முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

நம் மாவட்டத்து ஆலைகளின் இணையதளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பெரும்பாலானவை ஆங்கிலத்தில் மட்டும் இருக்கின்றன. சிலவற்றின் மூலையில் நாட்டுக் கொடிகள் வரிசையாக நிற்கின்றன. கொடியைத் தட்டினால் பக்கம் முழுவதும் இயந்திர மொழிபெயர்ப்பில் மாறுகிறது. முகப்பில் சேர்மன் படம், வரவேற்புரை, "முன்னணி நிறுவனம்" என்ற வரி. பிரிக்ஸ் (கூழில் கரைந்திருக்கும் சர்க்கரையின் அளவு) எவ்வளவு, அமிலத்தன்மை எவ்வளவு, டிரம்மில் எத்தனை கிலோ என்று வாங்குபவர் தேடும் விவரம் மூன்றாவது, நான்காவது பக்கத்தில், அதுவும் படமாக ஒட்டப்பட்டிருக்கிறது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பெரும்பாலான மொழிபெயர்ப்பு பட்டன்கள் தொடுவதே இல்லை. அதாவது எது மொழிபெயர்ந்தே ஆக வேண்டுமோ அது மட்டும் ஆங்கிலத்திலேயே நிற்கிறது.

முதலில் படிவத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் மொழிக்கு முன்னாலேயே ஆளைத் திருப்பி அனுப்புவது அதுதான். "தொடர்பு கொள்ள" பக்கத்தில் பெயர், மொபைல் எண், பின்கோடு, செய்தி என்று நான்கு கட்டங்கள். மொபைல் எண்ணுக்கு சரியாக 10 இலக்கம் வேண்டும், பின்கோடுக்கு 6 இலக்கம் வேண்டும் என்று நிரல் கட்டாயப்படுத்துகிறது. நம் ஊர் வாடிக்கையாளருக்காக எழுதிய நிரல் அது. சவூதிக்காரரின் மொபைல் எண் நாட்டுக் குறியீடு போக 9 இலக்கம். ஜெர்மனியில் அஞ்சல் குறியீடு 5 இலக்கம். ஐக்கிய அரபு அமீரகத்தில் அஞ்சல் குறியீடு என்ற முறையே கிடையாது. துபாயில் உட்கார்ந்து இரண்டு கன்டெய்னர் கூழுக்கு விலை கேட்க நினைப்பவர் எல்லாவற்றையும் நிரப்பி, அனுப்பு பட்டனை அழுத்தியதும், "சரியான பின்கோடு தரவும்" என்று சிவப்பு எழுத்து வருகிறது. அவர் எதைத் தருவார்? அடுத்த நிறுவனத்தின் தளத்துக்குப் போவார். அவர் வந்ததும் போனதும் உங்களுக்குத் தெரியவே தெரியாது. என்கொயரி வரவில்லை என்று மட்டும் தெரியும்.

இதைச் சரிசெய்ய மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. இணையதளம் செய்து தந்த பையனை அழைத்து, அந்த இரண்டு கட்டாயத்தையும் எடுத்துவிட்டு, நாட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு கட்டத்தைச் சேர்க்கச் சொன்னால் அரை நாள் வேலை. இந்த மடலில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது எண்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் தசமத்துக்குக் காற்புள்ளி. ஜெர்மனியில் ஆயிரத்துக்குப் புள்ளி. ஜெர்மன் முறையில் ஆங்கிலத்துக்கு நேர் எதிர். நம் டின்னின் எடையை "3.100 கிலோ" என்று மூன்று தசமத்தில் போடும் வழக்கம் இருக்கிறது. ஜெர்மன் பக்கத்தில் அதை அப்படியே விட்டால் படிப்பவர் கண்ணுக்கு அது மூவாயிரத்து நூறு கிலோ. ஒரு டின் மூன்று டன் இருக்காது என்று அவருக்குத் தெரியும், சிரித்துக்கொண்டே கடந்து போகலாம். ஆனால் அதே அட்டவணையில் அமிலத்தன்மை, பிரிக்ஸ், நுண்ணுயிர் எண்ணிக்கை எல்லாம் புள்ளி வைத்தே நிற்கும். அங்கே எது தசமம், எது ஆயிரம் என்று அவர் ஊகிக்க வேண்டி வரும். உணவுப் பொருளின் ஆய்வு அட்டவணையில் ஊகத்துக்கு இடம் கொடுத்தால் தரக்கட்டுப்பாட்டுக்காரர் அந்தத் தாளை ஓரம் வைத்துவிடுவார். ஜெர்மன் பக்கத்தில் 14,5 என்றுதான் பிரிக்ஸ் நிற்க வேண்டும்.

ஆண்டு உற்பத்தியை நம் பழக்கத்தில் லட்சக் கணக்கில் காற்புள்ளி போட்டு எழுதுவதும் அப்படித்தான். 1,50,000 என்று பார்க்கும் வெளிநாட்டுக்காரர் ஒரு சுழியம் விட்டுப்போயிற்றோ என்று நினைப்பார். தேதியும் உண்டு: 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. உற்பத்தித் தேதியும் காலாவதித் தேதியும் பேசும் தொழிலில் மாதத்தை எழுத்தில் எழுதிவிடுவதே நல்லது.

இப்போது அரபிக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்திய மாங்கூழை வாங்கும் நாடுகளில் சவூதி அரேபியாவும் ஏமனும் பல ஆண்டுகளாக முன்வரிசையில் இருக்கின்றன. குவைத், அமீரகமும் உண்டு. ஐரோப்பாவுக்குப் போவதில் பெரும்பங்கு நெதர்லாந்து வழியாக இறங்குகிறது. இதைப் பார்த்து ஒருவர் டச்சு மொழியில் பக்கம் போடலாமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் என்பது என் கருத்து. டச்சு வணிகர்கள் ஆங்கிலத்திலேயே சரளமாக வியாபாரம் செய்கிறவர்கள். அந்தப் பணத்தை அரபியில் போடுங்கள். அடுத்த கட்டமாக ஜெர்மன், பிரெஞ்சு என்று யோசிக்கலாம்.

அரபிப் பக்கம் என்பது ஆங்கிலப் பக்கத்தின் எழுத்தை மட்டும் மாற்றிய பக்கம் இல்லை. பக்கம் முழுவதும் வலமிருந்து இடமாகத் திரும்ப வேண்டும். லோகோ வலது மூலைக்கு வர வேண்டும், மெனு வலதிலிருந்து தொடங்க வேண்டும், "அடுத்து" என்ற அம்புக்குறி இடப்பக்கம் பார்க்க வேண்டும். அதே சமயம் டின்னின் புகைப்படத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பிவிடக் கூடாது. எண்கள் இடமிருந்து வலமாகவே இருக்கும். இந்தக் கலவையில்தான் கோளாறு வரும். இந்திய எண்ணை +91 என்று தொடங்கி இடைவெளி விட்டு எழுதியிருப்பீர்கள். அரபிப் பத்திக்குள் அதை அப்படியே ஒட்டினால் துண்டுகள் இடம் மாறி, பின்பாதி முன்னால் வந்து, கூட்டல் குறி கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும். பார்ப்பவர் அதை அப்படியே டயல் செய்தால் யாருக்கும் போகாது. எண்ணை மட்டும் தனியாக இடமிருந்து வலம் என்று குறியிட்டு அடைக்க வேண்டும். நிரல் தெரிந்தவருக்கு இது ஒரு வரி. ஆனால் அரபிப் பக்கத்தை வெளியிடும் முன் ஒருவர் போனைக் கையில் எடுத்து அந்த எண்ணைப் பார்த்து அழைத்துச் சோதித்தால்தான் இந்தக் கோளாறு கண்ணில் படும்.

எழுத்துகள் சேராமல் போவது இன்னொன்று. அரபியில் ஒரு சொல்லின் எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும். எழுத்து சொல்லின் முதலில் வந்தால் ஒரு வடிவம், நடுவில் வந்தால் ஒரு வடிவம், கடைசியில் வந்தால் ஒரு வடிவம். பழைய வடிவமைப்பு மென்பொருளில் அரபி வரியை வெட்டி ஒட்டினால் எழுத்துகள் பிரிந்து தனித்தனியாக, வரிசையும் தலைகீழாக விழும். நம் மாவட்டத்து ஆலை ஒன்றின் அச்சிட்ட கையேட்டை வளைகுடாவில் வேலை பார்க்கும் என் உறவினர் ஒருவர் படமெடுத்து அனுப்பியிருந்தார். பளபளப்பான தாள், நல்ல புகைப்படங்கள், தலைப்பு வரி முழுவதும் பிரிந்து தலைகீழாகக் கிடந்தது. நம் ஊரிலேயே பழைய மென்பொருளில் அடித்த தமிழ் பேனரில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நிற்பதைப் பார்த்திருக்கிறோம். அந்த பேனரை வைத்தவரைப் பற்றி நமக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் அவர்களுக்கும் தோன்றும். இணையதளத்தில் இன்னொரு வழியிலும் இது நடக்கும்: ஆங்கிலத் தலைப்புக்கு அழகாக இருக்கட்டும் என்று எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டியிருப்பார்கள், அதே அமைப்பு அரபிக்கும் பாய்ந்து சேர்ந்த எழுத்துகளைப் பிரித்துவிடும்.

மூலையில் கொடி வைப்பதையும் தயவுசெய்து விடுங்கள். அரபி இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் மொழி. சவூதிக் கொடியை வைத்தால் குவைத்காரருக்கு அது தன் பக்கமாகத் தெரியாது. அந்தக் கொடியில் இஸ்லாத்தின் நம்பிக்கை உறுதிமொழியான கலிமா எழுதியிருக்கிறது; அதை ஒரு பட்டனாகச் சின்னதாக்கித் தட்டச் சொல்வதை விரும்பாதவர்களும் உண்டு. மொழியின் பெயரை அந்த மொழியின் எழுத்திலேயே போட்டால் வேலை முடிந்தது.

அலுவலக நேரம் என்று "திங்கள் முதல் சனி, 9.30 முதல் 6" என்று போட்டிருக்கிறீர்கள். எந்த ஊர் நேரம் என்று இல்லை. சவூதியில் வார விடுமுறை வெள்ளி, சனி. அமீரகம் 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. சவூதிக்காரருக்கு ஞாயிறு வேலை நாள். அவர் ஞாயிறு காலையில் அழைக்கும்போது உங்கள் ஆபீஸ் பூட்டியிருக்கிறது. ஞாயிறில் ஒருவர் வாட்ஸ்அப்பையாவது பார்த்துக்கொள்வார் என்று அரபிப் பக்கத்தில் எழுதுவதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான்.

"வாங்குகிறவர்கள் எல்லாம் ஆங்கிலம் தெரிந்தவர்கள்தானே" என்று உங்களில் பலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வளைகுடா நிறுவனங்களில் கொள்முதல் மேசையில் பல இடங்களில் மலையாளியோ எகிப்தியரோ இருப்பார், ஆங்கிலத்தில் பேசுவார். ஆனால் கையெழுத்துப் போடுபவர் முதலாளி. மேலாளர் மூன்று நிறுவனங்களின் பெயரை அவர் முன் வைக்கும்போது, அவர் தன் போனில் மூன்றையும் திறந்து பார்ப்பார். தன் மொழியில், ஒழுங்காகப் படிக்க முடிகிற பக்கம் எது என்பது அங்கே கணக்கில் வரும். 2020இல் சிஎஸ்ஏ ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் 29 நாடுகளில் 8,709 பேரிடம் கேட்டதில், 76 சதவீதம் பேர் தங்கள் மொழியில் விவரம் உள்ள பொருளையே விரும்புவதாகச் சொன்னார்கள். 40 சதவீதம் பேர் வேறு மொழித் தளத்தில் வாங்கவே மாட்டோம் என்றார்கள். அது கடையில் வாங்கும் நுகர்வோரைப் பற்றியது, டன் கணக்கில் வாங்குபவரைப் பற்றியது இல்லை. அந்த எண்ணை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனால் சில்லறை டின்னில் உங்கள் பெயரோடு வெளிநாட்டுக் கடைக்குப் போக நினைப்பவர்களுக்கு அது நேரடியாகவே பொருந்தும்.

சரி, மொழிபெயர்ப்பு பட்டனே இதைச் செய்யாதா? 2016இல் கூகுள் நியூரல் முறைக்கு மாறிய பிறகு இயந்திர மொழிபெயர்ப்பு எவ்வளவோ முன்னேறிவிட்டது, நானும் தினமும் அதை வைத்துத்தான் வேலை செய்கிறேன். முதல் வரைவுக்கு அது நல்ல துணை. ஆனால் அந்த பட்டன் பார்வையாளர் வந்து தட்டிய பிறகுதான் அவர் திரையில் மொழிபெயர்க்கிறது. அந்த அரபிப் பக்கத்துக்குத் தனி முகவரி பெரும்பாலும் இருப்பதில்லை. ரியாத்தில் ஒருவர் கூகுளில் அரபியில் மாங்கூழ் என்று தேடினால் உங்கள் பக்கம் அந்தப் பட்டியலில் வரவே வராது, ஏனென்றால் தேடுபொறியைப் பொறுத்தவரை அப்படி ஒரு பக்கமே இல்லை. வந்தவருக்குத்தான் பட்டன் உதவும். நமக்குத் தேவை, இன்னும் வராதவர்.

அதற்காக இயந்திரத்தில் போட்டு இருபது மொழியில் பக்கங்களைக் குவித்து வெளியிட்டாலும் ஆகாது. மனிதர் யாரும் பார்க்காமல் இப்படிக் கொட்டும் பக்கங்களைத் தேடல் முடிவுகளை ஏமாற்றும் முயற்சியாகக் கருத கூகுளின் விதிகளில் இடம் இருக்கிறது. ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரியில் பக்கம், அதை ஒரு மனிதர் திருத்தியிருக்க வேண்டும், இந்தப் பக்கத்தின் அரபி வடிவம் இது, ஆங்கில வடிவம் இது என்று இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று சுட்டும் எச்ரெஃப்லாங் குறி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சுட்டி மற்றது சுட்டாவிட்டால் கூகுள் அந்தக் குறியை மதிக்காமல் விட்டுவிடும். பிரிட்டனுக்கு யுகே என்று குறியீடு போடுவதும் அடிக்கடி காண்கிற தவறு. அங்கே ஜிபி என்றுதான் வர வேண்டும். மீதி விவரங்களை உங்கள் தளத்தைப் பார்த்துக்கொள்பவர் கூகுளின் உதவிப் பக்கங்களிலேயே படித்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: சவூதியிலிருந்து யார் வந்தாலும் தானாக அரபிப் பக்கத்துக்குத் தள்ளிவிடும் ஏற்பாடு வேண்டாம். அங்கே இருக்கும் மலையாளி மேலாளருக்கு ஆங்கிலம்தான் வேண்டும். கூகுளின் தேடல் நிரலும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்து பார்ப்பதால், இடம் பார்த்துத் தள்ளிவிட்டால் அரபிப் பக்கம் அதன் கண்ணில் படாமலே போகலாம்.

எதையெல்லாம் மொழிபெயர்ப்பது என்பதில் என் கருத்து கறாரானது. சேர்மன் உரை வேண்டாம். விருது வாங்கிய படங்கள் வேண்டாம். ஐந்தாறு பக்கம் போதும்: பெங்களூரா கூழ், அல்போன்சா கூழ், பேக்கிங் விவரம், தரச் சான்றுகள், சீசனும் அனுப்பும் காலமும், தொடர்பு. கூழ்ப் பக்கத்தில் முதல் திரையிலேயே அட்டவணை வர வேண்டும். பிரிக்ஸ், அமிலத்தன்மை, பிஎச், கூழின் கெட்டித்தன்மையைச் சொல்லும் பாஸ்ட்விக் அளவு, கரும்புள்ளி எண்ணிக்கை, 215 கிலோ டிரம்மா 3.1 கிலோ டின்னா, எத்தனை மாதம் தாங்கும், ஒரு கன்டெய்னரில் எத்தனை டிரம். எல்லாம் எழுத்தாக இருக்க வேண்டும், படமாக அல்ல.

சான்றுகளின் வரிசையும் நாட்டுக்கு நாடு மாறும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் நமக்கு அவசியம், வெளிநாட்டுக்காரருக்கு அது பெரிதாக எதையும் சொல்லாது. வளைகுடாப் பக்கத்தில் ஹலால் சான்று மேலே வரட்டும், எண்ணும் காலாவதியும் சேர்த்து. ஜெர்மன் பக்கத்தில் பூச்சிமருந்து எச்சம் பற்றிய ஆய்வறிக்கைக்கும் பிஆர்சி, எஃப்எஸ்எஸ்சி 22000 என்ற உணவுப் பாதுகாப்புச் சான்றுகளுக்கும் முதலிடம். ஜெர்மன் பழச்சாறுத் துறைக்காரர்கள், பழச்சாற்றின் தரத்தைக் கண்காணிக்கும் எஸ்ஜிஎஃப் அமைப்பின் கண்காணிப்புக்குள் இருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். இருந்தால் அதை ஒளித்து வைக்காதீர்கள். இன்னொன்று: ஜெர்மனியில் எந்த வணிகத் தளத்திலும் நிறுவனத்தின் முழுப் பெயர், தெரு முகவரி, பொறுப்பாளர் பெயர், பதிவு எண் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நாட்டுச் சட்டம். அந்தச் சட்டம் அவர்கள் நாட்டு நிறுவனங்களுக்கானது. ஆனால் அதற்குப் பழகிய கண், உங்கள் தளத்திலும் அந்தப் பக்கத்தைத் தேடும். வெறும் ஜிமெயில் முகவரியும் மொபைல் எண்ணும் மட்டும் இருந்தால் இது உண்மையான ஆலையா, இடைத்தரகரா என்ற சந்தேகம் வரும்.

இதை யார் செய்வது? மொழிபெயர்ப்பில் அடிப்படையான ஒரு வழக்கம், மொழிபெயர்ப்பவர் தன் தாய்மொழிக்குள்தான் மொழிபெயர்ப்பார் என்பது. ஐஎஸ்ஓ 17100 என்ற தரநிலை, மொழிபெயர்த்தவர் அல்லாத இரண்டாவது ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்று கேட்கிறது. ஏஜென்சியிடம் விலை பேசும்போது இந்த இரண்டாவது ஆள் உண்டா என்று கேளுங்கள். விலை பாதியாக இருந்தால் பெரும்பாலும் அந்த ஆள்தான் இல்லை. இயந்திர வரைவைத் திருத்தித் தருகிறோம் என்று சொன்னால் அதிலும் தப்பில்லை, அதற்கும் ஐஎஸ்ஓ 18587 என்று தரநிலை இருக்கிறது; முழுமையாகத் திருத்துவார்களா, மேலோட்டமாகப் பார்ப்பார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் மொழிபெயர்ப்பு நினைவகக் கோப்பையும் (மூல வரியும் அதன் மொழிபெயர்ப்பும் இணையாகச் சேமித்த கோப்பு) சொல்பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் பணத்தில் உருவானது. அடுத்த ஆண்டு ஸ்பெக் ஷீட்டில் (கூழின் தர விவரத் தாள்) இரண்டு வரி மாறும்போது, மாறிய வரிகளுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும்.

நம் மாவட்டத்துக்கு இந்த வேலை அந்நியமானது இல்லை. ஓசூரில் ஒரு கடைக்குள் போனால் கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்துத் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மாற்றிப் பேசுகிறார். மண்டியில் சித்தூர் லாரிக்காரரோடு தெலுங்கில் பேரம், பெங்களூரு வியாபாரியோடு கன்னடத்தில் பேரம், கணக்கு தமிழில். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உருதுவும் காதில் விழும். வாங்குபவர் மொழியில் பேசினால் பேரம் சுலபமாக முடியும் என்பதை நம் ஆட்கள் யாரும் சொல்லித் தராமலே செய்து வருகிறார்கள். அந்தப் புத்தி இணையதளத்துக்கு மட்டும் ஏன் போகவில்லை?

ஆட்களும் இருக்கிறார்கள். ரியாத்திலும் தம்மாமிலும் பத்து, பதினைந்து ஆண்டு வேலை பார்த்துத் திரும்பியவர்கள் நம் ஊர்களில் நிறைய. அவர்களில் பலருக்கு முறையான அரபி எழுத வராது, அதனால் மொழிபெயர்ப்பை அவர்களிடம் தர முடியாது. ஆனால் முடிந்த பக்கத்தை அவர்கள் போனில் திறந்து காட்டினால், அங்கே யாரும் இப்படிப் பேச மாட்டார்கள், அந்த எண் தப்பாக நிற்கிறது, அந்தப் படம் அங்கே ஆகாது என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். கடைசிச் சோதனைக்கு அதைவிட நல்ல ஆள் கிடையாது. ஜெர்மனுக்கு பெங்களூரு மாக்ஸ் முல்லர் பவன், பிரெஞ்சுக்கு அலையன்ஸ் பிரான்சேஸ் என்று இரண்டு மணி நேரத் தூரத்தில் மொழி படித்தவர்கள் கிடைக்கிறார்கள். சொல்பட்டியல் தொகுக்கவும், வரும் மின்னஞ்சலைப் படித்துச் சொல்லவும் அவர்கள் போதும். வெளியிடும் பக்கத்தை மட்டும் அந்த மொழி தாய்மொழியான ஒருவர் பார்க்கட்டும்.

மின்னஞ்சலைச் சொன்னேன், அதையும் முடித்துவிடுகிறேன். அரபிப் பக்கம் போட்டால் அரபியில் கேள்வி வரும். அது ஸ்பேம் பெட்டியில் விழலாம், விழாவிட்டாலும் யாருக்கும் படிக்கத் தெரியாமல் கிடக்கலாம். அப்படி ஆகும் என்றால் பக்கம் போடாமலே இருக்கலாம். "உங்கள் மொழியில் எழுதுங்கள், நாங்கள் ஆங்கிலத்தில் இரண்டு வேலை நாளுக்குள் பதில் தருவோம்" என்று அரபியிலேயே நேர்மையாக ஒரு வரி எழுதிவிட்டு, அந்த இரண்டு நாளைக் காப்பாற்றினால் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

இனி மாவட்டத் தொழில் மையத்துக்கு என் கோரிக்கை. நம் ஆலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக இதே இருநூறு கலைச்சொல்லுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. டின் லேபிளில் ஒரு சொல், ஸ்பெக் ஷீட்டில் வேறு சொல், ஆய்வுச் சான்றில் மூன்றாவது சொல் என்று இருந்தால் வாங்குபவர் குழம்புவார், சுங்கத்திலும் கேள்வி வரும். வளைகுடா நாடுகள் உணவு லேபிளில் அரபி வேண்டும் என்று கேட்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு 1169ஆம் விதி, விற்கும் நாட்டு மக்களுக்குப் புரியும் மொழியில் விவரம் வேண்டும் என்கிறது. ஆகவே சில்லறை டின் அனுப்பும் ஆலைகளிடம் இறக்குமதியாளர் சரிபார்த்த லேபிள் வாசகம் ஏற்கெனவே இருக்கிறது. அவற்றைச் சேர்த்தாலே பொதுச் சொல்பட்டியலில் பாதி வந்துவிடும். மாங்கூழுக்கு அரபி, ஜெர்மன், பிரெஞ்சு மூன்றிலும் ஒரு பொதுச் சொல்பட்டியல்; எல்லா ஆலைக்கும், விவசாயி உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் இலவசம். இது போட்டியாளருக்கு உதவுவதாகாதா என்று சிலர் தயங்குவார்கள். தரத்திலும் விலையிலும் போட்டி போடுங்கள். அமிலத்தன்மைக்கு அரபியில் என்ன என்பதில் ரகசியம் எதுவும் இல்லை.

ஆட்சியர் தலைமையில் மாவட்ட ஏற்றுமதி மேம்பாட்டுக் குழு இருக்கிறது. வெளிநாட்டுக் கண்காட்சியில் அரங்கு வாடகைக்கும் விமானப் பயணத்துக்கும் சிறு நிறுவனங்களுக்கு அரசு உதவித் திட்டங்கள் உண்டு. துபாய் கல்ஃபுட் கண்காட்சிக்கும் கொலோன் அனுகா கண்காட்சிக்கும் நம்மவர்கள் போய் வருகிறார்கள். அங்கே விசிட்டிங் கார்டு வாங்கியவர் தன் ஊருக்குப் போய் முதலில் திறப்பது உங்கள் தளத்தைத்தான். அரங்குக்கு உதவி கிடைப்பதுபோல், இரண்டாவது ஆள் திருத்திய, தனி முகவரியில் வெளியான இணையப் பக்கத்துக்கும் உதவி கிடைக்க வேண்டும் என்று அந்தக் குழுவின் வழியாக மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் பரிந்துரை போகட்டும்.

பர்கூர் பக்கத்துக் கிரானைட்காரர்களுக்கும் ஓசூர் ரோஜா வளர்ப்பவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும். கிரானைட்டில் பரப்பளவு ஐரோப்பாவுக்குச் சதுர மீட்டரில், அமெரிக்காவுக்குச் சதுர அடியில் என்பதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தருமபுரி தொழில் மையமும் சேர்ந்துகொண்டால் செலவு இன்னும் குறையும். மாங்கூழில் தொடங்கலாம் என்கிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்தில் 30,000 ஹெக்டேருக்கு மேல் மா நிற்கிறது, அதன் காய் முக்கியமாகப் போய்ச் சேருவது உங்கள் ஆலைக்குத்தான்.

மா பூக்கும் மாதங்களில் ஆலையில் அழுத்தம் குறைவாக இருக்கும். ஜனவரி கடைசிக்குள் தொழில் மையத்தில் ஒரு நாள் கூடுவோம். நான் சேர்த்து வைத்திருக்கும் அரபி, ஜெர்மன் சொற்களை முதல் வரைவாகக் கொண்டுவருகிறேன், அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம். வளைகுடாவிலிருந்து திரும்பிய சிலரையும் அழைத்து வருகிறேன். உங்கள் பக்கத்திலிருந்து டின் லேபிள் ஒன்று, இப்போதைய ஸ்பெக் ஷீட், கடைசியாக அனுப்பிய சரக்கின் ஆய்வுச் சான்று ஆகிய மூன்றின் நகலும், இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் வந்தால் போதும். அன்று மாலைக்குள் ஒரு ஆலையின் தொடர்புப் படிவத்தையாவது அங்கேயே உட்கார்ந்து சரிசெய்துவிடலாம்.

அன்புடன்,
காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு மொழியாக்கப் பணியாளர்